செஸ் நிரல் 5 ஆழத்தில் திணறுகிறதா? வரிசையைச் சரிசெய்யுங்கள்

நகர்த்தல்கள் சரியாக வருகின்றன, ஆல்ஃபா-பீட்டாவும் (பயனற்ற கிளைகளைப் பார்க்காமல் விடும் தேடல் முறை) எழுதியாயிற்று, ஆனால் 5 ஆழத்தை, அதாவது முன்னோக்கி ஐந்து நகர்த்தல்களை, தாண்டினால் நிரல் அசையவே மாட்டேன் என்கிறது. அந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: எண்ணுங்கள்

தேடலுக்குள் ஒரு கவுன்டர் வைத்து, எத்தனை நிலைகளைத் தொட்டது என்று அச்சிடுங்கள். நொடிக்கணக்கை மட்டும் நம்பாதீர்கள். பின்னால் பிரவுசர் ஓடினாலே அது மாறிவிடும். பெர்ஃப்டும் (குறிப்பிட்ட ஆழம்வரை விதிப்படி சாத்தியமான நகர்த்தல் வரிசைகளை எண்ணும் சோதனை) போட்டுப் பாருங்கள். தொடக்க நிலையில் 4 ஆழத்துக்கு 1,97,281, 5 ஆழத்துக்கு 48,65,609 வர வேண்டும். ஒன்று பிசகினாலும் மேலே போகக் கூடாது.

படி 2: வரிசை

நல்ல நகர்த்தலை முதலில் பார்த்தால்தான் ஆல்ஃபா-பீட்டா மற்றவற்றைக் கழித்துவிடும். நிலைக்கு 35 நகர்த்தல் என்று வைத்தால், 6 ஆழத்தில் சுமார் 184 கோடி கடைசி நிலைகள். வரிசை கச்சிதமாக அமைந்தால் 85,749 போதும். டொனால்ட் கனூத்தும் ரொனால்ட் மூரும் 1975இல் எழுதிய கட்டுரையில் உள்ள சூத்திரம் இது. அந்தக் கச்சிதம் யாருக்கும் கிடைக்காது, ஆனால் பாதி தூரம் போனாலே பெரிய லாபம்.

முதலில் வெட்டுகளைப் பாருங்கள். சிப்பாயால் ராணியை வெட்டுவது மேலே, ராணியால் சிப்பாயை வெட்டுவது கீழே. அப்புறம் அதே மட்டத்தில் ஏற்கெனவே பீட்டாவை (எதிராளி விட்டுக்கொடுக்கும் மேல் எல்லையை) தாண்டிய அமைதியான நகர்த்தல்கள் இரண்டு. இவைதான் கில்லர் நகர்த்தல்கள். மீதி எல்லாம் கடைசியில்.

படி 3: டிரான்ஸ்பொசிஷன் டேபிள்

ஒரே நிலைக்குப் பல வழிகளில் வந்து சேரலாம். ஒருமுறை தேடிய நிலையின் முடிவைச் சேமித்து வைக்கும் அட்டவணைதான் இது. ஸோப்ரிஸ்ட் முறையில் (நிலையின் ஒவ்வொரு கூறுக்கும் உரிய சீரற்ற எண்களை XOR செய்து) நிலைக்கு 64 பிட் எண் ஒன்றை உருவாக்கி, அதன் கீழ் மதிப்பு, ஆழம், சிறந்த நகர்த்தல், மதிப்பின் வகை ஆகியவற்றைச் சேமியுங்கள். அடுத்த முறை அந்தச் சிறந்த நகர்த்தலை வெட்டுகளுக்கும் முன்னால் வையுங்கள். 1, 2, 3 என்று ஆழத்தைக் கூட்டிக்கொண்டே தேடினால் இதன் பலன் முழுதாகத் தெரியும்.

மதிப்பின் வகை என்றால் சரியான மதிப்பா, மேல் எல்லையா, கீழ் எல்லையா என்பது. இதைத் தீர்மானிக்கும்போது, நகர்த்தல்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும் சுற்று தொடங்குவதற்கு முன் இருந்த ஆல்ஃபாவோடு (இதுவரை உறுதியான குறைந்தபட்ச மதிப்போடு) ஒப்பிடுங்கள். சுற்றுக்குள் அது உயர்ந்திருக்கும்.

நான் இரண்டு வாரம் சிக்கிக்கிடந்தது செக்மேட் மதிப்பில். ராஜாவும் யானையும் தனி ராஜாவை எதிர்க்கும் ஆட்டம். மேட் இருக்கிறது என்று நிரல் அறிவித்தது, ஆனால் போடவில்லை. யானையை அங்குமிங்கும் நகர்த்தி, 50 நகர்த்தல் விதியில் டிரா ஆனது. தேடலில் குறை தேடித்தேடி அலுத்துப்போனேன். காரணம் டேபிளில் இருந்தது. மேட் மதிப்பை 1,00,000-இலிருந்து வேர் நிலைக்கான (தேடல் தொடங்கிய நிலைக்கான) தூரத்தைக் கழித்து வைத்திருந்தேன். அதே நிலை வேறொரு தூரத்தில் வரும்போது அந்த எண் பொய்யாகிவிடுகிறது. ஆகவே மேட் மதிப்பைச் சேமிக்கும்போது தற்போதைய தூரத்தைக் கூட்டுங்கள், எடுக்கும்போது கழியுங்கள். தோற்கும் பக்கத்துக்கு இதைத் தலைகீழாகச் செய்யுங்கள்.

கருவிகள்

நகர்த்தல்களைச் சரிபார்க்க பைத்தான்-செஸ் நூலகம், தேடலுக்கு சி++. பைத்தானிலேயே முழுவதும் எழுதினால் ஆழம் கிடைப்பது கடினம். பழைய பதிப்பையும் புதியதையும் மோதவிட கியூட் செஸ் போதும்.

பின்சேர்க்கை: டேபிள் போட்ட பிறகு தன் நிரல் கோட்டை கட்டும் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் நகர்த்தும்) உரிமையைத் தவறாக நினைப்பதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஹாஷில், அதாவது அந்த 64 பிட் எண்ணில், காய்கள் மட்டும் போதாது. காய்களுக்கு 768, அடுத்து ஆடுவது யார் என்பதற்கு 1, கோட்டைக்கு 4, ஆன் பாசானுக்கு (இரண்டு கட்டம் பாய்ந்த சிப்பாயைக் கடந்துபோகையில் வெட்டும் விதி) 8, ஆக 781 சீரற்ற எண்கள் வேண்டும். அவற்றைச் சேர்த்துவிட்டுப் பெர்ஃப்டை டேபிளோடு மறுபடி ஓட்டுங்கள். பெர்ஃப்ட் எண்ணிக்கையை ஆழத்தோடு சேர்த்துச் சேமித்தால், பிழை அங்கேயே பிடிபடும்.