சட்டைக் கழுத்தை இழுக்காதீர்கள்: மேற்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கிழமை தாதியர் பயிற்சிக்கு வந்த ஒரு தங்கச்சி, கதிரையில் இருந்த ஐயாவின் சட்டையில் இரண்டு பொத்தானைக் கழற்றினார். கழுத்துப் பக்கத்தைப் பிடித்துத் தோளுக்குக் கீழே இழுத்தார். தெரிந்த இடத்தில் ஊசியை வைக்கப் போனார். "நில்லு புள்ள!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வாட்டில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்மேல் கோபமில்லை. 20 வருடத்துக்கு முன்னால் அதே மாதிரி இழுத்தவள்தான் நான்.

கை கழுவுவது, பெயர் கேட்பது, மருந்துச் சீட்டைப் பார்ப்பது எல்லாம் முதல் நாளே சொல்லித் தந்திருப்பார்கள். அதை விடுகிறேன். மேற்கைக்குள் எது எங்கே ஓடுகிறது என்று யோசிக்காததால் வரும் தவறுகள் மட்டும் இங்கே.

தோளுக்கு மிக அருகே குத்துவது

நான் அன்று அப்படி இழுத்துக் குத்தியவர், மட்டக்களப்பு வாவியில் வீச்சுவலை வீசுகிறவர். காலில் சிப்பி வெட்டி, ஏற்பூசிக்கு, அதாவது ரெற்றனஸ் ஊசிக்கு, வந்தார். சட்டைக்கையை மடித்து ஏற்றினேன், முழங்கையோடு நின்றுவிட்டது. பின்னால் நீள வரிசை. கழுத்தை இழுத்து, நின்றபடியே அரை மில்லிலீற்றரையும் ஏற்றிவிட்டேன். மருந்து சரி, அளவு சரி, இடம்தான் பிழை.

மூன்றாம் நாள் வந்தார். "மிஸ், கைய உயத்த ஏலாம இருக்கு." ஊசி போட்டால் அப்படித்தான் வலிக்கும், போய்விடும் என்று சொல்லி அனுப்பினேன். அது இரண்டாவது பிழை. அந்தக் கை திரும்ப வலை வீச இரண்டு மாதம் ஆனது. அதுவரை மனைவி அப்பம் சுட்டு விற்ற காசில்தான் வீடு ஓடியது.

ஏன் அப்படி ஆனது? கழுத்தை இழுத்தால் வெளியே தெரிவது தோள்முனை எலும்பும், அதாவது அக்ரோமியனும், அதற்குக் கீழே ஓர் அங்குலமும்தான். அந்த இடத்தில், தோளை மூடியிருக்கும் டெல்டொயிட் தசைக்கு அடியில் பேர்சா என்ற வழுக்கல் பை இருக்கிறது. அதற்கும் அடியில், கையைப் பக்கவாட்டில் உயர்த்த உதவும் சுப்ராஸ்பினேற்றஸ் தசையின் நாண். மருந்து தசைக்குள் போகாமல் அந்தப் பைக்குள் போனால் அது அழற்சி கண்டுவிடும். சாதாரண ஊசி வலி ஓரிரு நாளில் ஆறும். இந்த வலி பெரும்பாலும் 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கி, கிழமைக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். கையை உயர்த்தினால் உயிர் போகும்.

ஆகவே கண்ணை நம்பாமல் விரலால் தேடுங்கள். அக்ரோமியனின் கீழ் விளிம்பு தட்டுப்படும். அங்கிருந்து 2 அல்லது 3 விரல் அகலம் கீழே வாருங்கள். அக்குள் மட்டத்தைத் தாண்ட வேண்டாம். இடையில் இருப்பது தலைகீழ் முக்கோணம், அதன் நடுவில் 90 பாகையில் ஊசி. நோயாளி கதிரையில் இருந்தால் நீங்களும் கதிரையில் இருங்கள். நின்றுகொண்டு குத்துகிறவரின் கை தானாகவே மேலே போய்விடும்.

"சட்டையைக் கழற்ற வெட்கப்படுகிறார்கள் மிஸ்" என்பார்கள். திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கேட்டுப் பாருங்கள். காத்தான்குடியிலிருந்து வரும் உம்மாமாரும் சரி, படுவான்கரையிலிருந்து வரும் அம்மாமாரும் சரி, என்னிடம் மறுத்ததே இல்லை. திரையை இழுத்துவிட நமக்குத்தான் பஞ்சி.

அந்த மீன்காரர் பிறகும் வந்திருக்கிறார். தோள்முனையைத் தானே தொட்டுக் காட்டி, "இதுக்குக் கீழ, மிஸ்" என்பார். நான் ஒன்றும் பேசுவதில்லை.

பயந்துபோய்க் கீழே இறங்குவது

மேலே குத்தித் திட்டு வாங்கியவர்கள் அடுத்துச் செய்வது இது. அக்ரோமியனுக்கு ஏறத்தாழ 5 முதல் 7 சென்ரிமீற்றர் கீழே, டெல்டொயிட்டின் அடியில், அக்சிலரி நரம்பு, மேற்கை எலும்பான புய எலும்பின் கழுத்தைச் சுற்றி வருகிறது. இன்னும் கீழே, பின்பக்கமாக ரேடியல் நரம்பு. புரொபுண்டா பிரேக்கியை நாடியோடு சேர்ந்து எலும்பின் பள்ளத்தோடு ஒட்டியபடி ஓடுகிறது. அந்த நரம்பில் ஊசி பட்டால் மணிக்கட்டு தொங்கிவிடும்.

ட்ரைசெப்ஸ் வேலை செய்கிறதே என்று நிம்மதியடைவது

மோட்டார் சைக்கிளில் விழுந்து, புய எலும்பு நடுவில் முறிந்து வருகிறார். முழங்கையை நீட்டுகிறார். உடனே "நரம்பு சரி" என்று எழுதுகிறார்கள். முழங்கையை நீட்டும் ட்ரைசெப்ஸ் தசைக்குப் போகும் ரேடியல் நரம்பின் கிளைகளில் முக்கியமானவை முறிவுக்கு மேலேயே பிரிந்துவிடும். அதனால் கீழே ரேடியல் நரம்பு அடிபட்டிருந்தாலும் முழங்கை நீளும். மணிக்கட்டைப் பின்னால் மடக்கச் சொல்லுங்கள், விரல்களை நீட்டச் சொல்லுங்கள். புறங்கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தொட்டு, தெரிகிறதா என்று கேளுங்கள். முறிந்த கையை அசையாமல் பிடிக்கும் சிலாகை போடுவதற்கு முன்பும் பார்க்க வேண்டும், பின்பும் பார்க்க வேண்டும்.

இரத்தம் எடுக்க முழங்கை மடிப்பின் உள்பக்கத்தில் தோண்டுவது

கையின் வெளிப்பக்கத்திலிருந்து உடல் பக்கமாக: பைசெப்ஸ் நாண், பிரேக்கியல் நாடி, மீடியன் நரம்பு. நாளம் இவற்றுக்கு மேலே கிடக்கிறது. இடையில் இருப்பது ஒரு மெல்லிய சவ்வுப் படலம் மட்டும். முதலில் நாடித் துடிப்பைத் தொட்டுப் பாருங்கள். "விரலுக்குள் கறண்ட் அடித்தமாதிரி" என்றால் உடனே ஊசியை வெளியே எடுங்கள்.

பிரஷர் பட்டியைச் சட்டைக்கு மேல் சுற்றுவது

சுற்றாதீர்கள். பட்டியின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2, 3 சென்ரிமீற்றர் மேலே, அதிலுள்ள குறி பிரேக்கியல் நாடிக்கு நேரே.