பழைய துணி: போகிக்கு முன் ஒரு பார்வை

போகி வந்தால் பரணில் இருக்கும் பழைய துணியெல்லாம் கீழே இறங்கும். எரிக்க வேண்டாம். மார்கழிப் பனியில் சென்னை புகையாகிவிடுகிறது, பாலியெஸ்டர் எரியும் நாற்றம் வேறு.

முதலில் பருத்தியைத் தனியாகப் பிரியுங்கள். தண்ணீரை உறிஞ்சுவது அதுதான். பாலியெஸ்டர் சட்டையால் தரையைத் துடைத்தால் ஈரம் இடம் மாறுமே தவிர, காயாது.

பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன டி-ஷர்ட்டுகளை நான் மிதியடியாக்குகிறேன். அக்குளுக்குக் கீழே உள்ள பகுதியைக் குறுக்குவாட்டில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டைகளாக வெட்டி, இரு முனையையும் பிடித்து நன்றாக இழுங்கள். ஓரங்கள் சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். மூன்று மூன்றாகப் பின்னி, வட்டமாகச் சுற்றிக்கொண்டே கோணி ஊசியால் தைத்தால் போதும். வட்டம் கிண்ணம் போலக் குழிந்தால் இறுக்கி இழுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். என் முதல் மிதியடி அப்படித்தான், பூனை படுத்துக்கொண்டது. ஐப்பசி மழைக்கு வாசலில் இரண்டு வேண்டும், ஒன்று எப்போதும் ஈரமாகவே கிடக்கும்.

நைந்த வேட்டியைத் துடைக்கத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். இட்லித் துணிக்கு அதைவிட நல்லது கிடையாது. மே மாதம் மொட்டைமாடியில் கூழ் வடாம் ஊற்றவும் அதுதான். காய்ந்ததும் துணியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வடாம் உடையாமல் வரும். சாயம் போகிற துணி மட்டும் சமையலறைப் பக்கமே வேண்டாம்.

அப்புறம், வெட்டுவதற்கு முன் பொத்தான், ஜிப்பைக் கழற்றி டப்பாவில் போட்டுவையுங்கள்.