கொச்சியில் அறை எடுக்கும்போது கொங்கு நாட்டார் செய்யும் தவறுகள்

கோவை, திருப்பூர், ஈரோட்டுக்காரர்களுக்குக் கைக்கெட்டும் கடல் கொச்சிதான். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும். சனிக்கிழமை விடியும் முன் கிளம்பி ஞாயிறு இரவு வீடு திரும்பும் பயணம் இது. அந்தக் கொஞ்ச நேரத்தையும் விழுங்குவது, தவறான இடத்தில் பிடித்த அறை.

‘கொச்சி’ என்று தேடி, வாடகை குறைந்ததைப் பார்த்தவுடன் பணம் கட்டிவிடுகிறார்கள். பெரிய தவறு அதுதான். கொச்சி ஒரே ஊர் அல்ல. காயல் நடுவே புகுந்து பிரித்துப் போட்ட பல ஊர்கள். மலிவு அறைகளில் பல காக்கநாடு, களமசேரி, நெடும்பாசேரிப் பக்கம் இருக்கும். விமான நிலையம் உள்ள நெடும்பாசேரியிலிருந்து, கடலோரப் பழைய ஊரான ஃபோர்ட் கொச்சிக்குச் சுமார் 40 கிலோமீட்டர், அதுவும் நகர நெரிசலுக்குள். சூலூரில் தங்கிக்கொண்டு மருதமலையைச் சுற்றிப் பார்ப்பது போன்றது அது. அறையில் மிச்சம் பிடித்த பணம் டாக்ஸிக்குப் போய்விடும்.

அடுத்தது, கொச்சியின் நகரப் பகுதியான எர்ணாகுளத்தில் உள்ள மரைன் டிரைவ். பெயரைக் கேட்டு மெரினாவைக் கற்பனை செய்துகொண்டு போகிறவர்கள் உண்டு. அங்கே மணலும் இல்லை, அலையும் இல்லை. முன்னால் இருப்பது காயல். ‘கடல் தெரியும் அறை’ என்று எழுதியிருந்தால் எந்த நீர் என்று கேளுங்கள். அதற்காக எர்ணாகுளத்தை ஒதுக்க வேண்டியதில்லை. வயதானவர்களோடு ரயிலில் வருகிறவர்களுக்கு அதுவே வசதி. ஜங்ஷன், டவுன் என்று இரண்டு ரயில் நிலையங்கள் இருப்பதால், உங்கள் ரயில் எதில் நிற்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உயர்நீதிமன்றப் படகுத்துறைக்கு நடந்து போகும் தூரத்தில் அறை கிடைத்தால் நல்லது. 2023இல் வாட்டர் மெட்ரோ என்னும் நகரப் படகுச் சேவை அங்கிருந்துதான் வைப்பின் தீவுக்கு ஓடத் தொடங்கியது. மறு ஆண்டு ஃபோர்ட் கொச்சியும் சேர்ந்தது. கடற்கரை எவ்வளவு தூரம் என்பதைவிடப் படகுத்துறை எவ்வளவு தூரம், கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதே இங்கே கேட்க வேண்டிய கேள்வி.

ஃபோர்ட் கொச்சியில் கடல் உண்டு, ஆனால் குளிக்கும் கடல் அல்ல. கரை அரித்துக் கல் கொட்டிக் கிடக்கும். காயலிலிருந்து ஆகாயத்தாமரையும் வந்து ஒதுங்கும். பிள்ளைகளுக்கு நீச்சலுடை வாங்கிக்கொண்டு அங்கே அறை பிடிப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அந்த ஊர் நடப்பதற்கானது. சீன வலைகள், 1524இல் வாஸ்கோ ட காமாவைப் புதைத்த புனித பிரான்சிஸ் தேவாலயம் (உடலைப் பிறகு போர்த்துகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்), மழைமரங்கள் கவிந்த தெருக்கள் எல்லாம் காலை எட்டு மணிக்குள்தான் அழகு. எர்ணாகுளத்தில் தூங்கி எழுந்து பதினொரு மணி வெயிலில் போய் இறங்குவதற்கு, ஒரு இரவு அங்கேயே தங்குவது மேல் என்பேன். சைவக் குடும்பங்கள் சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். பக்கத்து மட்டாஞ்சேரியில் குஜராத்திகள் வாழும் தெருவில் நல்ல சாப்பாடு கிடைக்கும். 1568இல் கட்டிய யூதர் ஜெபாலயம் வெள்ளி, சனிக்கிழமைகளில் பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும். அதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குளிக்கத்தான் வேண்டுமென்றால் வைப்பின் தீவின் வடகோடியிலுள்ள செராய். எர்ணாகுளத்திலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். வரைபடத்தில் வைப்பினும் ஃபோர்ட் கொச்சியும் தொட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து, செராயில் தங்கி இரண்டையும் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுவார்கள். தீவின் நீளம் முழுக்க வண்டி ஓட்டி, முனையில் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் ரோ-ரோ படகுக்கு வரிசையில் நிற்க வேண்டும். படகைத் தவிர்த்தால் எர்ணாகுளத்தைச் சுற்றித்தான் வர வேண்டும். இரண்டு நாள் பயணத்துக்குச் செராய் அல்லது ஃபோர்ட் கொச்சி, ஒன்று போதும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செராயை மறந்துவிடுங்கள். மழைக்காலக் கடல் முரட்டுத்தனமானது.

டிசம்பர் 31 இரவு ஃபோர்ட் கொச்சியில் பப்பாஞ்ஞி என்னும் பெரிய உருவத்தை எரிப்பார்கள். கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த வாரம் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

காரில் வருகிறவர்களுக்கு இன்னொன்று. ஃபோர்ட் கொச்சியின் ஹோம்ஸ்டேக்கள் பல குறுகிய சந்துகளில் உள்ள பழைய வீடுகள். அறைப் படத்தில் வாசல் தெரியாது. ஏழு பேர் ஏறிய வண்டி உள்ளே நுழையுமா, எங்கே நிறுத்துவது, அறை மாடியிலா என்று வீட்டுக்காரரிடம் போனில் கேட்ட பிறகு முன்பணம் அனுப்புங்கள்.