மடக்குப் பட்டறை மேசை: வெளிநாட்டில் ஆர்டர் போடுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் தச்சு வேலை பழகுகிறவர்களுக்கு முதலில் வரும் ஆசை, மடக்கி வைக்கிற மாதிரி ஒரு பட்டறை மேசை. வேலை முடிந்ததும் பாம் ஷெல்டருக்குள் (வீட்டிலேயே இருக்கும் பாதுகாப்பு அறைக்குள்) செருகிவிடலாம். ஆசை நியாயமானதுதான். ஆனால் யோசனை கேட்டு வரும் நண்பர்கள் பலரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். மேசை எவ்வளவு சிறிதாக மடங்கும் என்று பார்க்கிறார்கள். மரத்தை எவ்வளவு கெட்டியாகப் பிடிக்கும் என்று பார்ப்பதில்லை.

என் முதல் மேசையையும் நான் அப்படித்தான் வாங்கினேன். எடை 11 கிலோ, 200 கிலோ தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. வந்த அன்றே இரண்டடி நியாட்டோ மரப் பலகையை மேலே பூட்டி, இழைப்புளியை வைத்துத் தள்ளினேன். பாதித் தூரத்தில் இழைப்புளி நின்றது. மேசைதான் டைல்ஸ் தரையில் இரண்டு விரற்கடை முன்னால் போனது. பின்கால்களைச் சுவரில் முட்டுக்கொடுத்துவிட்டு மறுபடி தள்ளினேன். கால்கள் ஒருபக்கமாகச் சாய்ந்து, அழுத்தம் குறைந்ததும் திரும்பி வந்தன. சீவல் சுருளாக வருவதற்குப் பதில் துண்டு துண்டாக உதிர்ந்தது.

அந்த 200 கிலோ, மேலிருந்து கீழே அழுத்தும் பாரம். இழைப்பதும் அறுப்பதும் பக்கவாட்டில் தள்ளுகிற வேலைகள். அதற்கு விளம்பரங்களில் பெரும்பாலும் எண்ணே இருக்காது. நீங்கள்தான் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்: கால்களுக்கு நடுவே குறுக்குச் சட்டம் இருக்கிறதா? கீல் இருக்கும் இடம் தகடா, கெட்டியான இரும்பா? காலை ஊன்றிக்கொள்ளப் படி இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வி எனக்கு ரொம்ப முக்கியம். லோட்டஸ் எலான் காரை வடிவமைத்த ரான் ஹிக்மன், நாற்காலியின் மேல் வைத்துப் பலகை அறுக்கும்போது நாற்காலியையும் சேர்த்து அறுத்துவிட்டார். அதிலிருந்து பிறந்ததுதான் 1970களில் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் விற்கத் தொடங்கிய வொர்க்மேட் என்ற மடக்கு மேசை. மேல்பலகை இரண்டாகப் பிரிந்து மரத்தைக் கவ்வும். கீழே ஒரு படி. அதில் காலை வைத்தால் உங்கள் உடல் எடையே மேசையின் எடையாகிவிடும். எடை குறைந்த மேசைக்கு இதைவிட நல்ல மருந்து நான் பார்த்ததில்லை.

உயரத்தையும் முன்கூட்டியே பாருங்கள். கையால் இழைக்க, கையைத் தொங்கவிட்டால் சுண்டுவிரல் அடிக்கணு வரும் உயரம் சரி. மரங்களை இணைக்கும் பொருத்துகளை வெட்ட இன்னும் உயரம் வேண்டும். உளி வேலைதான் அதிகம் என்றால் தாழ்ந்த மேசை முதுகைப் பதம் பார்த்துவிடும்.

அப்புறம், பலர் கவனிக்காமல் விடுவது துளையின் அளவு. ஐரோப்பிய மேசைகளில் முளை (மரம் நகராமல் தடுக்கும் கட்டை) செருகும் துளை பெரும்பாலும் 20 மில்லிமீட்டர். அமெரிக்க மேசைகளில் முக்கால் அங்குலம், அதாவது 19.05. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் முக்கால் அங்குல முளை 20 துளையில் ஆடும். 20 முளை முக்கால் அங்குலத் துளையில் இறங்கவே இறங்காது. மேசையை ஒரு நாட்டிலிருந்தும் முளையையும் கிளாம்பையும் இன்னொரு நாட்டிலிருந்தும் வாங்குகிறவர்கள் இதை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

சரி, ஆர்டருக்கு வருவோம். பணம் வீணாகப் போவது இங்கேதான்.

விமானக் கூரியர்கள் நிஜ எடையையும் பெட்டியின் பரிமாண எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் காசு வாங்குவார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பொதுவாக 5000-ஆல் வகுப்பார்கள். 120க்கு 60க்கு 15 என்ற பெட்டி 21.6 கிலோ. உள்ளே இருப்பது 11 கிலோ மேசையாக இருந்தாலும் 21.6-க்குத்தான் பில். எனவே கடையில் மேசையின் அளவைக் கேட்காதீர்கள், பெட்டியின் அளவைக் கேளுங்கள்.

அடுத்தது வரி. பட்டறை மேசைக்கு சிங்கப்பூரில் சுங்கத் தீர்வை கிடையாது; பொருள் சேவை வரி 9 விழுக்காடு உண்டு. 400 சிங்கப்பூர் வெள்ளிக்குக் கீழ் வாங்கினால் வரி இல்லை என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். விமானத்திலோ அஞ்சலிலோ வரும் அப்படிப்பட்ட பொருளுக்கும், இங்கே பதிவு செய்த வெளிநாட்டு விற்பனையாளர்கள் 2023 ஜனவரியிலிருந்து வாங்கும்போதே வரி வசூலிக்கிறார்கள். கப்பலில் வருவதற்கு 400 வெள்ளிச் சலுகை எப்போதுமே இல்லை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், மேசை 320 வெள்ளி, அனுப்பும் செலவு 140 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடை 320-ஐப் பார்த்து வரியை முதலிலேயே எடுத்துவிடும். இங்கே இறங்கும்போது செலவையும் சேர்த்து 460 ஆகிவிடுவதால் மறுபடி வரி கேட்கப்படலாம். வரி கட்டியதைக் காட்டும் ரசீதைக் கையில் வைத்திருந்து, கூரியர் கேட்கும் முன்பே அனுப்பிவிடுங்கள்.

பிரிட்டனில் போட்டிருக்கும் விலையில் 20 விழுக்காடு வரி உள்ளே இருக்கிறது. 300 பவுண்டு மேசை, வரி நீங்கினால் 250தான். நேராக சிங்கப்பூருக்கு அனுப்பும் கடைகள் பல அதைக் கழித்துவிடும். அங்கேயே ஒரு கிடங்கு முகவரி எடுத்து, அதன்வழி வரவழைத்தால் கடைக்கு அது உள்ளூர் விற்பனை, கழிக்காது. மலிவு என்று நினைத்துக் கிடங்கைத் தேடிப் போகிறவர்கள் இப்படி இரண்டு நாட்டு வரியையும் கட்டுகிறார்கள்.

பழுது வந்தால் என்ன செய்வது என்பதையும் யோசியுங்கள். இங்குள்ள கடையில் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். கடல் தாண்டி இருக்கும் கடையிடம் இதைச் சொல்லி வேலையை நடத்துவது கடினம். 20 கிலோப் பெட்டியைத் திருப்பி அனுப்பும் செலவு, மேசை விலையையே நெருங்கிவிடும்.

இதனால்தான் நான் கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்: மேசையை வரவழைக்காதீர்கள், பிடியை வரவழையுங்கள். நல்ல வைஸ் (மரத்தைக் கவ்வும் பிடிகருவி), திருகு, முளைகள் இவையெல்லாம் சிறு பெட்டியில் வரும். இரும்பு என்பதால் பரிமாண எடை பயமுறுத்தாது. பலகையும் கால்களும் கனமாக இருக்க வேண்டியவை, அந்தக் கனத்துக்கு விமானக் கட்டணம் கொடுப்பானேன்? சுங்கை காடுட் பக்கம் மரக்கடைகளில் கேட்டால் தடித்த பலகை வெட்டித் தருவார்கள். காலுக்கு இரண்டு மடக்குக் குதிரைகள், அதாவது பலகையைத் தாங்கும் மடக்குத் தாங்கிகள், போதும். இந்த ஏற்பாட்டில்தான் என் இழைப்புளியில் முதல்முறையாக முழு நீளச் சுருள் வந்தது.

அப்படியும் மரமேசைதான் வேண்டும் என்று வரவழைத்தால், பெட்டியைப் பிரித்த அன்றே பூட்டாதீர்கள். குளிர்நாட்டில் உலர்த்திய மரத்தில் ஈரம் 8 விழுக்காடு அளவில் இருக்கும். ஜன்னல் திறந்தே கிடக்கும் நம் வீட்டில் அது ஏறக்குறைய 15 வரை ஏறும். அகலவாக்கில் ஓரடிப் பலகை பல மில்லிமீட்டர் உப்பும். இரண்டு மூன்று வாரம் அறையில் காற்றுப்பட நிறுத்தி வையுங்கள்.

வேலை செய்யும் இடம் வீட்டு வாசலுக்கு வெளியே உள்ள பொது நடைபாதையாக இருக்க வேண்டாம். தீ நேரத்தில் ஓட 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். வீட்டுக்குள் என்றால் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் போடுங்கள். உளியைக் கொட்டாப்புளியால் தட்டும் சத்தம் நமக்குச் சின்னதாகக் கேட்கும். கான்கிரீட் வழியே கீழே இறங்கும்போது வேறு. மின்தூக்கியில் கீழ்வீட்டு ஆன்டி "தம்பி, மேல என்னப்பா இடிக்கிற?" என்று கேட்ட பிறகுதான் எனக்கு அது புரிந்தது. இப்போது தட்டும் வேலையைச் சனிக்கிழமை மதியம் வைத்துக்கொண்டு, முந்தின நாளே அவரிடம் சொல்லிவிடுகிறேன்.