பெற்றோர் பிணக்கைக் குறைக்கும் அரச திட்டங்களை மதிப்பிடும் முறை

இலங்கையில் தாய்க்கும் தந்தைக்கும் இடையிலான சச்சரவைக் குறைக்கவென்று பிரதேச செயலகமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோ பெற்றோருக்கு நடத்தும் செயலமர்வுகள் முடிந்ததும், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் திருப்தி தெரிவித்தார்கள் என்பதையே அறிக்கைகளில் காண்கிறோம். தேநீரும் சான்றிதழும் கொடுத்து அனுப்பும்போது நீட்டப்படும் படிவத்தில் எவரும் குறை எழுதுவதில்லை. வீட்டில் சச்சரவு குறைந்ததா என்பதை வேறு வழியில்தான் அறிய வேண்டும்.

எது குறைய வேண்டும் என்பதை முதலில் எழுத்தில் வரையறுத்துக்கொள்ளுங்கள். கருத்து வேறுபாடு எல்லா வீடுகளிலும் உண்டு. அது பேசித் தீர்க்கப்படுவதைப் பிள்ளை கண்டால் பாதிப்பு குறைவு. அடிக்கடி எழுந்து, கடுமையாகி, தீராமல் நீளும் சச்சரவும், பிள்ளையைத் தூது அனுப்பிப் பேசாதிருப்பதும்தான் கேடு செய்பவை. ஒருவருக்கு மற்றவர் அஞ்சி வாழும் வீடு இந்த வரையறையில் அடங்காது. அது 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்துக்கு உரிய விடயம். பயிற்சியில் சேர்க்கும்போதே கணவனையும் மனைவியையும் தனித்தனியாக விசாரித்து, அத்தகையோரை 1938 என்ற பெண்களுக்கான தொலைபேசி இலக்கம் போன்ற உதவிச் சேவைகளுக்கு வழிப்படுத்தினார்களா என்று பாருங்கள். இதைச் செய்யாத திட்டத்தின் ஏனைய பெறுபேறுகளை நான் நம்பமாட்டேன்.

அளவீட்டை முதல் அமர்வுக்கு முன்பும், முடிவிலும், ஆறு மாதங்களின் பின்பும் எடுங்கள். “உங்கள் உறவு மேம்பட்டதா?” என்பதற்குப் பதிலாக, “கடந்த இரண்டு கிழமைகளில் பிள்ளை கேட்கும்படி எத்தனை நாட்கள் வாக்குவாதப்பட்டீர்கள்? கடைசி வாக்குவாதம் எப்படி முடிந்தது?” என்று கேளுங்கள். பிள்ளையின் நிலையை அறிய, ரொபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட 25 கூற்றுகளைக் கொண்ட ‘ஆற்றல்களும் சிரமங்களும்’ வினாக்கொத்து உதவும். வினவுபவர் பயிற்சி நடத்தியவராக இருக்கக்கூடாது. கொட்டாஞ்சேனையில் இரண்டு அறை வீட்டில், மாமியார் கேட்டுக்கொண்டிருக்க மருமகள் உண்மை பேசுவாள் என எதிர்பார்க்க முடியாது. கிளினிக்குக்கு வரும் நாளில் தனியறை ஒன்றை ஒழுங்கு செய்யுங்கள். தந்தை கட்டாரில் இருந்தால் சண்டை வட்ஸ்அப் அழைப்பில்தான் நடக்கும். வினாக்கள் அதையும் உள்ளடக்க வேண்டும்.

முன்னும் பின்னும் அளந்தால் மட்டும் போதாது. பெற்றோர் உதவி தேடுவது நிலைமை மிக மோசமான வேளையில். எதுவும் செய்யாவிட்டாலும் அதன்பின் ஓரளவு தணியும். சித்திரைப் புத்தாண்டுச் செலவால் முட்டிக்கொண்ட தம்பதியர் வைகாசியில் அமைதியாக இருப்பது பயிற்சியின் பலன்தானா என்று சொல்ல, ஒப்பிடுவதற்கு வேறு பெற்றோர் வேண்டும். விண்ணப்பித்தோர் இடங்களைவிட அதிகமெனில் சீட்டுக் குலுக்கி, ஒரு பகுதியினரை இப்போதும் மற்றவர்களை ஆறு மாதங்களின் பின்பும் சேர்த்துக்கொள்ளுங்கள். காத்திருப்போரே ஒப்பீட்டுக் குழுவாவர். அதிகாரிகள் இதை அநீதி என்பார்கள். ஆயினும் தெரிந்தவருக்கு முதலிடம் கொடுப்பதைவிட இது நியாயமானது. பிரித்தானியாவில் வேலை மற்றும் ஓய்வூதியத் திணைக்களம் இத்தகைய 8 பயிற்சிகளை இங்கிலாந்தின் 4 பகுதிகளில் பரீட்சித்தபோது, பயிற்சியின் பின் 6, 12 மாதங்களிலும் பெற்றோரை வினவியது. அந்த நீண்ட பின்தொடர்தலை இங்கும் பின்பற்றலாம்.

இடையில் நின்றவர்களே அதிகம் கவனிக்கப்பட வேண்டியவர்கள். எடுத்துக்காட்டாக, 80 பேர் பதிந்து, 44 பேர் முடித்து, அவர்களில் 33 பேர் முன்னேறினால், அறிக்கை 75 வீத வெற்றி என்று கூறும். பதிந்தவர்களை அடிப்படையாகக் கொண்டால் அது 41 வீதமே. நின்றவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் காரணத்தைக் கேளுங்கள். வெள்ளவத்தையில் கடையில் நிற்கும் தகப்பன் வேலைநாளில் காலை பத்து மணி அமர்வுக்கு வரமாட்டார். சிங்களத்தில் விரிவுரை நடத்தித் தமிழில் கைநூல் மட்டும் கொடுத்தால் மட்டக்குளித் தாய் மூன்றாம் கிழமை வரமாட்டார். இவை பயிற்சியின் குறைகள் அல்ல, நடத்திய விதத்தின் குறைகள். இரண்டையும் அறிக்கையில் பிரித்து எழுதுங்கள். பயிற்சியின் பின் சச்சரவு கூடிய குடும்பங்களின் எண்ணிக்கையை, சராசரிக்குள் கரைத்துவிடாமல், முதல் பக்கத்திலேயே தனியாகக் கொடுங்கள்.