எழுந்ததும் கிறுகிறுக்கிறதா? நின்றுகொண்டும் பிரஷர் பாருங்கள்

அம்மாவுக்கு வயது 74. காலையில் கட்டிலை விட்டு எழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வரும். சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார், சரியாகிவிடும். "வயசானா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்று அவரே சொல்லிவிட்டதால் நாங்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு விடியற்காலையில் குளியலறை வாசலில் விழுந்துவிட்டார். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. நெற்றியில் 3 தையல்.

இதில் என்னை இன்றும் உறுத்துவது ஒன்று உண்டு. அதற்கு முன் பல மாதங்களாக நான் தினமும் அவருக்குப் பிரஷர் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். நோட்டு முழுக்க 144, 146 என்றுதான் இருந்தது. அதைக் காட்டி மாத்திரையின் அளவும் கூட்டப்பட்டது. மாத்திரை கூடியதும் கிறுகிறுப்பும் கூடியது. பார்த்த முறையே தப்பு என்பது விழுந்த பிறகுதான் தெரிந்தது. அந்தத் தப்பை நீங்கள் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: மெஷினும் பட்டையும்

மேல்கையில் பட்டை கட்டிப் பார்க்கும் தானியங்கி மெஷின் போதும். மணிக்கட்டில் கட்டுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. கை கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அதில் கணக்கு மாறிவிடும். பெட்டியில் என்ன விளம்பரம் இருந்தாலும், அந்த மாடல் மருத்துவ முறைப்படி சோதிக்கப்பட்டதா என்று மட்டும் பாருங்கள். புளூடூத், செயலி எதுவும் தேவையில்லை. எண் பெரிதாகத் தெரிய வேண்டும், பழைய அளவுகளை நினைவில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பட்டையின் அளவை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் டேப் வைத்துச் சுற்றளவு எடுங்கள். எத்தனை செ.மீ. முதல் எத்தனை செ.மீ. வரை என்று பட்டையிலேயே அச்சிட்டிருக்கும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் பிரஷர் கூடுதலாகக் காட்டும். மிகப்பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்குச் சாதாரணப் பட்டை கட்டிப் பார்த்த ஓர் ஆய்வு 2023இல் வந்தது. மேல் அளவு (மெஷின் காட்டும் இரண்டு எண்ணில் பெரியது) ஏறக்குறைய 20 கூடுதலாகக் காட்டியது. இந்தச் சிக்கல் பட்டை பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி முதலில் செய்த பட்டை ஏறக்குறைய 5 செ.மீ. அகலம்தான். அது கூடுதலாகக் காட்டியதால்தான் 1901இல் ஜெர்மன் மருத்துவர் ரெக்லிங்ஹவுசன் அதை அகலப்படுத்தினார்.

முதல்முறை இரண்டு கையிலும் பாருங்கள். எந்தக் கையில் கூடுதலோ, இனி எப்போதும் அந்தக் கைதான். இரண்டுக்கும் இடையே 10, 15 என்று தொடர்ந்து வித்தியாசம் வந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

படி 2: உட்கார்ந்து பார்ப்பது

அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே காபி, புகை, நடைப்பயிற்சி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில் படிந்து, காலைக் குறுக்கே போடாமல் 5 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். பேசக்கூடாது. பட்டை சட்டைத் துணியின் மேல் அல்ல, வெறும் தோலின் மேல். ஒரு நிமிட இடைவெளி விட்டு இரண்டு தடவை பார்த்து இரண்டையும் எழுதுங்கள்.

நான் கோட்டை விட்ட இடம் கை. அம்மா சோபாவில் உட்காருவார், கை பக்கவாட்டில் தொங்கும், நான் அப்படியே பட்டையைக் கட்டிவிடுவேன். போதாததற்கு அவர் முந்தின நாள் சேதியெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார், நானும் 'ம்' கொட்டிக்கொண்டிருப்பேன். பட்டை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். 10 செ.மீ. கீழே இறங்கினால், இடையில் நிற்கும் ரத்தத்தின் எடையே 7 முதல் 8 மி.மீ. பாதரசம் வரை கூட்டிக் காட்டிவிடும். 2024இல் வந்த ஓர் ஆய்வில், மேசை மேல் கை வைத்துப் பார்த்ததைவிட மடியில் வைத்தபோது மேல் அளவு ஏறக்குறைய 4 கூடுதலாகவும், தொங்கவிட்டபோது 6.5 கூடுதலாகவும் வந்திருக்கிறது.

மேசை மேல் ஒரு தலையணையை மடித்து வைத்து, அதில் கை தானாகக் கிடக்கும்படி விட்டோம். பேச்சையும் நிறுத்தினோம். 146 என்று இருந்தது 131க்கு வந்தது. அன்றைக்கும் அதே மாத்திரைதான்.

வீட்டில் பார்க்கும்போது ஒரு வாரச் சராசரி 135/85ஐத் தாண்டினால்தான் பொதுவாகக் கூடுதல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சில நாடுகளின் வழிகாட்டுதல் 130/80 என்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எது இலக்கு என்பதை அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

படி 3: படுத்து, பிறகு நின்று

தலைசுற்றல் இருக்கிறவர்களுக்கு இந்தப் படிதான் உயிர். உட்கார்ந்து மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எழும்போது என்ன நடக்கிறது என்பது கடைசிவரை தெரியாது.

நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியில் இருக்கும் உணரிகள் அதைக் கண்டு, இதயத்தை வேகப்படுத்தி, ரத்தக்குழாய்களை இறுக்கச் சொல்லும். வயது ஏற ஏற இந்தத் தகவல் போக்குவரத்து மந்தமாகிறது. தாக உணர்வும் குறைவதால் பலர் தண்ணீரும் போதிய அளவு குடிப்பதில்லை. அதனால் மூளைக்குச் சில நொடி ரத்தம் குறைகிறது, கண் இருட்டுகிறது.

செய்ய வேண்டியது:

1. காலையில் விழித்ததும், மாத்திரைக்கு முன். 5 நிமிடம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். படுத்தபடியே பார்த்து எழுதுங்கள்.
2. பட்டையைக் கழற்றாமல் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். பின்னால் நாற்காலி, பக்கத்தில் நீங்கள். தனியாக இதைச் செய்யவே வேண்டாம்.
3. நின்று 1 நிமிடத்தில் ஒருமுறை, 3 நிமிடத்தில் ஒருமுறை.
4. இடையில் மயக்கம் வருகிற மாதிரி இருந்தால் உடனே உட்கார வைத்துவிடுங்கள். எண் கிடைக்காவிட்டால் போகட்டும், "நிற்க முடியவில்லை" என்று எழுதுங்கள். அதுவும் டாக்டருக்குத் தகவல்தான்.

படுத்திருந்ததைவிட மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், நிற்கும்போது பிரஷர் இறங்குகிறது என்று அர்த்தம்.

இதிலும் எனக்கு ஒரு சறுக்கல். முதல் நாள் படுத்தபோது 142/80. நின்று ஒரு நிமிடத்தில் 124/74. இறக்கம் 18, 20 இல்லையே என்று நிம்மதியாக நோட்டை மூடிவிட்டேன். ஆனால் பட்டை கட்டிய கை கீழே தொங்கிக்கொண்டிருந்தது. படி 2இல் சொன்ன அதே தப்பு, இந்தத் தடவை இறக்கத்தை மறைத்துவிட்டது. மறுநாள் அம்மாவின் முழங்கையை என் உள்ளங்கையில் தாங்கி, கையை முன்னால் நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினேன். பட்டை இறுகும்போதே, "காதுக்குள்ள என்னமோ இரையுதுடா" என்றார். உதடு வெளுத்திருந்தது. 117/69. படுத்திருந்தபோது அன்றும் அதே 142தான். இறக்கம் 25. காரணம் தெரிந்ததில் ஒரு நிம்மதி, இத்தனை நாள் தெரியாமல் விட்டதில் ஒரு வேதனை.

ஒருநாள் கணக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். மூன்று, நான்கு நாள் பாருங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தும் ஒரு தடவை பாருங்கள். சிலருக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் பிரஷர் இறங்கும்.

படி 4: டாக்டரிடம் என்ன கொண்டுபோவது

படுத்தது, 1 நிமிடம், 3 நிமிடம் என்று மூன்று பத்தி போட்ட ஒரே ஒரு தாள். கூடவே, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியல். எல்லா மாத்திரையும் என்றால் பிரஷர் மாத்திரை மட்டும் அல்ல. நீர் பிரியும் மாத்திரை, புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின் போன்றவை, மனச்சோர்வு மாத்திரை, பார்க்கின்சன் நோய் மாத்திரை எல்லாம் நிற்கும்போது பிரஷரை இறக்கக்கூடியவை. நீண்ட நாள் சர்க்கரை நோயால் நரம்பு பாதிக்கப்பட்டாலும் இது வரும்.

நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள், பாதியாக உடைக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். அம்மாவுக்கு அந்தத் தாளைப் பார்த்துத்தான் நீர் பிரியும் மாத்திரையின் அளவு குறைக்கப்பட்டது. இரண்டு வாரத்தில் இறக்கம் 25இலிருந்து 12க்கு வந்தது.

படி 5: தினமும் எழும் முறை

கண் விழித்ததும் படுத்தபடியே பாதத்தை மேலும் கீழுமாக 20 தடவை ஆட்ட வேண்டும். பிறகு ஒருக்களித்து எழுந்து கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு 2 நிமிடம். அதன் பிறகு நின்று, எதையாவது பிடித்துக்கொண்டு, 30 எண்ணிவிட்டுத்தான் முதல் அடி. அம்மா சத்தமாகவே எண்ணுவார். பக்கத்து அறையில் எனக்குக் கேட்கும்.

நிற்கும்போது கிறுகிறுத்தால் காலைக் குறுக்கே வைத்துத் தொடைகளை ஒன்றோடொன்று இறுக்கினால், கீழே தேங்கிய ரத்தம் மேலே ஏறும். அரை லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தால் சில நிமிடங்களில் பிரஷர் ஏறும். ஆனால் இதயம் பலவீனமானவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது. உப்பைக் கூட்டுவதும் அப்படித்தான். நல்ல சூட்டில் நெடுநேரம் குளிப்பதைத் தவிருங்கள். இறுக்கமான காலுறையை நிறையப் பேர் வாங்கி மூலையில் போட்டிருக்கிறார்கள். முழங்கால் வரை மட்டும் வருவதால் பெரிய பலன் இல்லை, வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டைதான் மேல் என்பது என் கருத்து.

பின்சேர்க்கை 1: "படுக்கையில் புரண்டாலே அறை சுற்றுகிறது, பிரஷர் சரியாக இருக்கிறது" என்று இருவர் எழுதியிருந்தார்கள். அது வேறு. உள்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறினால் அப்படிச் சுற்றும். தலையைச் சில கோணங்களில் திருப்பி அவற்றைப் பழைய இடத்துக்கு அனுப்பும் முறை இருக்கிறது. காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

பின்சேர்க்கை 2: அப்பா ராத்திரி சிறுநீர் கழிக்கும்போது மயங்கி விழுந்ததாக ஒருவர் எழுதினார். ஆண்களும் இரவில் உட்கார்ந்தே கழிக்கட்டும். தூக்கத்திலிருந்து எழுந்ததும் நின்றபடி கழிக்கும்போது பிரஷர் சட்டென்று இறங்கும். வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும்.

பின்சேர்க்கை 3: மெஷின் ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு எண் காட்டுகிறது, பக்கத்தில் இதயக் குறி மின்னுகிறது என்றால் மெஷின் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். துடிப்பு சீராக இல்லை என்பதை அது சொல்லியிருக்கலாம். மூன்று தடவை பார்த்துச் சராசரி எழுதுங்கள், ஈசிஜி எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் பலவீனம், நினைவு தப்பி விழுதல் என்று எது வந்தாலும் பட்டையைத் தேடாமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.