முளைப்பாலிகை முளைக்காமல் போகாதிருக்க

தங்கை கல்யாணத்தில் முளைப்பாலிகை, அதாவது மண் நிரப்பிய கிண்ணங்களில் நவதானியம் விதைத்து முளைக்கவிடும் சடங்கு, என் பொறுப்பு. நவதானியப் பொட்டலம் ஒன்று வாங்கி, விதைத்து, மூன்று நாள் தண்ணீர் தெளித்தோம். ஐந்து கிண்ணத்தில் இரண்டில் ஒரு முளைகூட இல்லை. அம்மா இரவில் டார்ச் அடித்து மண்ணை விரலால் விலக்கிப் பார்த்தபடி இருந்தார். குடி தழைக்கட்டும் என்று போடுகிற விதை அல்லவா, அவர் மனது என்ன பாடுபட்டிருக்கும்! குற்றம் மணமக்கள் ராசியில் இல்லை, விதையில். தம்பி கல்யாணத்தில் எல்லாக் கிண்ணமும் நிறைந்து நின்றது. அப்போது செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் விதை. இதில்தான் நான் ஏமாந்தேன். பொட்டலத்தில் இருந்தது உடைத்த துவரம்பருப்பும் பழைய உளுந்தும். உடைத்த பருப்பு முளைக்கவே முளைக்காது. முழுத் தானியமாக, தனித்தனியாக வாங்குங்கள். நெல்லுக்கு விதைநெல்தான் வேண்டும். பத்து நாள் முன்பே ஒவ்வொன்றிலும் இருபது மணி எடுத்து ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். பதினைந்து மணியாவது முளைத்தால் அந்த விதை போதும்.

அடுத்து ஊறவைப்பது. எல்லாவற்றையும் ஒன்றாகப் போடக் கூடாது. நெல்லை ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, வடித்து, துணியில் மூட்டையாகக் கட்டி இன்னொரு நாள் வையுங்கள். வயலுக்கு விதை முளைகட்டுகிற அதே முறை. பயறு, உளுந்து, துவரைக்கு ஓர் இரவு ஊறினால் போதும். எள்ளும் கடுகும் ஊறவே வேண்டாம்.

கிண்ணம் மண்ணில் செய்ததுதான் நல்லது, அடியில் துளை இருக்க வேண்டும். புது மண்பாண்டம் ஈரத்தை உறிஞ்சிவிடும், அதனால் முதலில் தண்ணீரில் முக்கி எடுங்கள். துளைமேல் அறுகம்புல், அதன்மேல் மணலும் மக்கிய எருவும் கலந்த மண். எள்ளை மேலாகத் தூவுங்கள், பயறை விரற்கணு ஆழத்தில் புதையுங்கள்.

ஐந்து பாலிகை வைக்கிற வீடுகளில் ஒவ்வொரு கிண்ணமும் ஒரு தெய்வத்துக்கு: நடுவில் பிரம்மா, கிழக்கே இந்திரன், தெற்கே யமன், மேற்கே வருணன், வடக்கே சோமன். சுமங்கலிகள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் வந்து விதை தூவி, பாலும் நீரும் தெளிப்பார்கள். கோவலன் கண்ணகி கல்யாணத்திலேயே முளைப்பாலிகை ஏந்திய பெண்கள் வருகிறார்கள் என்றால் எவ்வளவு பழைய வழக்கம் பாருங்கள்! பால் மட்டும் ஒரு சொம்பு நீருக்கு ஒரு கரண்டி போதும். அதிகமானால் புளித்து நாறும், பூஞ்சை பிடிக்கும்.

முதல் இரண்டு நாள் கூடையால் மூடி வையுங்கள், முளை நெடுநெடுவென்று வெளிர்மஞ்சளாக எழும். அப்புறம் காலை வெயில் காட்டினால் பச்சை ஏறும். தண்ணீரைக் கையால் தெளியுங்கள், ஊற்ற வேண்டாம்.

பிறகு சேர்த்தது: முந்தின நாள் மண்டபத்தில்தான் பாலிகை என்றால் என்ன செய்வது என்று சிலர் கேட்டார்கள். வீட்டில் முளைகட்டிய தானியத்தையே தூவக் கொடுங்கள், காலைக்குள் தலைநீட்டும். கல்யாணம் முடிந்ததும் முளைகளைக் கரைக்க ஆறு குளம் இல்லையா? நாங்கள் அண்டா நீரில் கரைத்துத் தென்னைக்கு ஊற்றினோம். அதில் தப்பிய துவரை ஒன்று தென்னையடியில் வளர்ந்து காய்த்தது. அந்தக் காயை அம்மாதான் பறித்துக் குழம்பு வைத்தார்.